மூன்றாம் வளைவுப் பெட்டிக்குப் போட்ட மாலை

எழுதுகிற ஆட்களைப் பார்த்தாலே எனக்குப் பயம். அவர்கள் இடத்தில் நான் வந்து உட்கார்வதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் படித்தது தேயிலைத் தோட்டப் பாடசாலையில், ஓ.எல். பரீட்சை வரைக்கும். அதிலும் கணக்குப் பாடம் என்னை இரண்டு தடவை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பியது. நாலு பேர் இருக்கிற இடத்தில் தும்மல் வந்தால்கூட அடக்கிக்கொண்டு வெளியே போய்த் தும்முகிற ஆள் நான். இப்படிப்பட்டவன் எழுத வந்ததற்குக் காரணம் என் மனைவி புஷ்பா. என் கதையை அவள் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சொல்லும் ஒவ்வொரு தடவையும் நான் இன்னும் கொஞ்சம் முட்டாளாகிக்கொண்டு போகிறேன். உண்மையில் எந்த அளவு முட்டாளோ அந்த அளவையாவது எழுதி வைத்துவிடலாம் என்று நினைத்தேன்.

மாத்தளையிலிருந்து எல்கடுவைக்கு ஏறுகிற ரோட்டில், வளைவுக்கு வளைவு இரும்புக் கம்பங்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் பிஸ்கட் டின் அளவில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. வயர் கிடையாது. முன்பக்கம் ஒரு கறுப்புக் கண். கண்ணுக்கு முன்னால் ஏதாவது அசைந்தால் பெட்டி முழித்து, ஒரு வாகனம் போகிறது என்று மாத்தளை ஒபிஸுக்கு ரேடியோவில் சொல்லிவிட்டுத் திரும்பத் தூங்கிவிடும். அதற்கு உயிர் பெட்டரிதான். பெட்டரி மாற்றுவது, பெட்டியைத் துடைப்பது, குளவிக் கூட்டைக் கலைப்பது எல்லாம் என் வேலை. நாள் சம்பளம்.

எந்தப் பெட்டரி எப்போது சாகும் என்றுதான் யாருக்கும் தெரியாது. அதைச் சொல்வதற்காக பாஸிலா மிஸ் ஒரு கம்பியூட்டர் புரோகிராம் செய்திருந்தார். மிஸ் மாத்தளை டவுனைச் சேர்ந்த எஞ்சினியர். என்னைவிட வயதில் மிகவும் இளையவர். எனக்கும் ஒருநாள் பொறுமையாக விளக்கினார்.

“யோகன் அண்ணே, பழைய பெட்டரி எல்லாம் எப்படிச் செத்துச்சுன்னு அதுக்குக் காட்டியிருக்கேன். எந்தக் கம்பம் குளிருல இருந்துச்சு, எது எத்தன தரம் முழிச்சுச்சு, எது ரொம்பத் தூரத்துக்குப் பேசிச்சு, எல்லாத்தையும் பாத்துப் பாத்து அதுவே படிச்சுக்கும். இனி புது பெட்டரிய பாத்தா, இது இன்னும் இவ்வளவு காலம் ஓடும்னு அதுவே சொல்லும்.”

“சாத்திரம் பாக்குற மாதிரியா மிஸ்?”

“சாத்திரக்காரரு தப்பாச் சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க. இது தப்பாச் சொன்னா என்னத்தான் புடிப்பாங்க.”

என்னையும்தான். கொழும்புத் தலைமை ஒபிஸிலிருந்து பெரிய சேர் வந்து பார்த்துத் திருப்திப்பட்டால், பல்லேபொல, வில்கமுவ ரோடுகளுக்கும் கம்பங்கள் வரும். எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள ஒருவரை நிரந்தரமாக எடுப்பார்கள். “அது நீங்கதான்” என்று மிஸ் சொல்லியிருந்தார். திருப்திப்படாவிட்டால் இருக்கிற கம்பங்களையும் கழற்றிவிடுவார்கள். நாற்பத்தைந்து வயதில் நான் வேறு வேலை தேடிப் போய், முன்பின் தெரியாதவர்கள் முன்னால் நின்று பேச வேண்டும். அதை நினைத்தாலே பெட்டியை இன்னொரு தடவை துடைக்கப் போய்விடுவேன். (தினமும் நினைத்தேன். தினமும் துடைத்தேன்.)

சேர் வருகிற நாள் ஆயுத பூசைக்கு அடுத்த நாளாக அமைந்தது. வினையே அங்கேதான்.

எங்கள் தேயிலை ஃபெக்டரியில் ஆயுத பூசை என்றால் ரோலர் மெஷினிலிருந்து கொழுந்து நிறுக்கிற தராசு வரைக்கும் சந்தனம், குங்குமம், மாலை. மாலை போடாவிட்டால் மெஷின் கோபித்துக்கொள்ளும் என்று யாரும் நம்புவதில்லை. ஆனால் போடாமல் விட்டுப் பார்க்கவும் யாருக்கும் தைரியம் இல்லை. ஊரில் பஸ், முச்சக்கர வண்டி, தையல் மெஷின், கவ்வாத்துக் கத்தி எல்லாம் பொட்டு வைத்துக்கொண்டிருக்க, எனக்குச் சோறு போடுகிற பெட்டி மட்டும் வெறும் நெற்றியோடு நிற்பதா? அதுவும் பெரிய சேர் பார்க்கப் போகிற மூன்றாம் வளைவுப் பெட்டி?

பூசையன்று சாயங்காலம் போய்ப் பெட்டியைத் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைத்தேன். கண்ணை மறைக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும் (முட்டாள்தனம் செய்யும்போதும் நான் கவனமானவன்). அதனால் பொட்டைக் கண்ணுக்கு மேலே வைத்தேன். புஷ்பா கட்டிக்கொடுத்த செவ்வந்தி மாலையைக் கம்பத்தின் உச்சியில் கட்டி, கண்ணுக்கு ஒரு சாண் விலகித் தொங்கவிட்டேன். ஒரு கும்பிடும் போட்டேன். அப்போது காற்று இல்லை. எல்கடுவையில் காற்று இல்லையென்றால், அது எங்கேயோ போயிருக்கிறது, வந்துகொண்டிருக்கிறது என்றுதான் அர்த்தம். அதை நான் யோசிக்கவில்லை.

விடிந்தது. மிஸ் ஒபிஸில் வைத்துச் சேருக்கு லெப்டொப்பில் எல்லாம் காட்டுவார், பிறகு இருவரும் ஜீப்பில் மேலே வருவார்கள், நான் கம்பத்தடியில் நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு. அயர்ன் போட்ட சட்டையோடு நின்றேன். இரவு முழுக்க அடித்த காற்று இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. மாலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அழகாக ஆடியது. பார்க்க எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

போன் அடித்தது. மிஸ் ரகசியக் குரலில் பேசினார்.

“அண்ணே, மூணாம் வளைவுல என்னா நடக்குது?”

“ஒண்ணும் நடக்கல மிஸ்.”

“வாகனம் வரிசையாப் போகுதா?”

“ஒரு நாய் மட்டும் இருக்கு மிஸ்.”

“ஓடிக்கிட்டே இருக்கா?”

“தூங்குது மிஸ்.”

“யா அல்லாஹ்! ராத்திரிலருந்து அங்க கண்டி டவுன விடக் கூட வாகனம் போறதாக் காட்டுது. அந்தப் பெட்டரி ஒரு வருசத்துக்கு மேல ஓடும்னு நேத்து சொல்லிச்சு, இப்ப மூணு மாசம்ங்குது. எல்கடுவைக்கு மந்திரி யாரும் வாறாங்களான்னு சேர் கேக்குறாரு. நல்லாப் பாருங்க அண்ணே!”

நல்லாப் பார்த்தேன். ரோட்டைப் பார்த்தேன், நாயைப் பார்த்தேன், பெட்டிக்குக் காய்ச்சலோ என்று உள்ளங்கையை வைத்துத் தொட்டுப் பார்த்தேன். மாலையை மட்டும் பார்க்கவில்லை. நல்லது என்று நாமே செய்த ஒன்றின் மேல் நமக்குச் சந்தேகம் வராதே.

அந்த நேரம் பார்த்துக் கொழுந்து நிறுக்கப் போகிற பெண்கள் அந்த வழியாக இறங்கினார்கள். அவர்களில் புஷ்பாவும் இருந்தாள்.

“என்னா தம்பி, கம்பத்துக்குக் கல்யாணமா? பொண்ணு எங்க?” என்று முன்னால் வந்த முனியம்மா அக்கா கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் புஷ்பாவைத் தனியே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவள் பெட்டியை மேலும் கீழும் பார்த்தாள்.

“பின்ன என்னாங்க? நேத்துலருந்து போற வாற ஆளெல்லாம் வாயப் பொளந்துக்கிட்டுப் பாத்துட்டுப் போறாங்க. கண்ணு பட்டிருச்சு. இருங்க, வாறேன்.”

பக்கத்து லயத்து வீடுகளுக்கு ஓடிப்போய் நூலில் கோத்த எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயுமாக வந்தாள். அதையும் கட்டினேன். எலுமிச்சம்பழம் பாரமானது. அது மாலையைவிட நன்றாக ஆடியது.

போன் அடித்தது.

“அண்ணே! இப்ப என்னா செஞ்சீங்க? இருபது நாள்னு வந்துருச்சு!”

“ஒண்ணும் செய்யல மிஸ்” என்றேன். (பயத்தில் எனக்கு வருகிற ஒரே வசனம் அது.)

“சேர் எழும்பிட்டாரு. இப்பவே வாறோம்.”

ஜீப் மேலே ஏற எடுக்கும் நேரத்தில் ஒரு மனிதன் எவ்வளவு வியர்க்க முடியும் என்பது அன்றுதான் தெரிந்தது. அயர்ன் போட்ட சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நிரந்தர வேலை போச்சு, நாள் சம்பளமும் போச்சு, என்னால் மிஸ்ஸுக்கும் வேலை போச்சு. கடைசி முயற்சியாகக் கம்பத்தடியில் கற்பூரம் கொளுத்தினேன். சரியாக அந்த நேரத்தில் ஜீப் வளைவில் திரும்பியது.

பெரிய சேர் இறங்கினார். பொட்டைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார், புகையைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார்.

“மே மொகக்த?” என்று சிங்களத்தில் கேட்டார். (இது என்ன?)

எனக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். பாதி வாழ்க்கை சிங்களத்தில்தான் போயிருக்கிறது. அந்த நிமிடம் ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியிருந்தது.

“மல், சேர்” என்றேன். பூ, சேர்.

மிஸ் லெப்டொப்பைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வையில் கண்ணீர் நின்றது. சேர் மாலையையும் எலுமிச்சம்பழத்தையும் கையால் பிடித்து நிறுத்தினார்.

“நின்னுருச்சு சேர்” என்றார் மிஸ். சேர் கையை விட்டார். “திரும்ப எண்ணுது.” பிடித்தார். நின்றது. விட்டார். எண்ணியது. இப்படியே கொஞ்ச நேரம் நடந்தது. கொழும்பிலிருந்து வந்த பெரிய மனிதர் ஒருவர் என் மாலையோடு விளையாடுவதை நான் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பெண்கள் ரோட்டோரம் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். தராசுப் பக்கம் ஒருவரும் போகவில்லை.

பிறகு சேர் மிஸ்ஸிடம் திரும்பினார். இப்படி ஓயாமல் முழித்தால் பெட்டரி உண்மையிலேயே இருபது நாளில் செத்துவிடுமா என்று கேட்டார்.

“செத்துரும் சேர். புரோகிராம் சொன்ன கணக்கு சரி. ஆனா மாலைக்கும் பஸ்ஸுக்கும் வித்தியாசம் அதுக்குத் தெரியாது. நான் சொல்லிக்கொடுக்கல.”

சேர் யோசித்தார். “இங்கே மாலை. எங்கள் ஊர்ப் பக்கம் வெசாக் பண்டிகை வந்தால் கம்பத்துக்குக் கம்பம் காகித விளக்குக் கூடு கட்டுவார்கள். அப்போது என்ன செய்வது?”

மிஸ் லெப்டொப்பையும் கம்பத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அப்படியென்றால் அதையும் சொல்லிக்கொடுங்கள். எது ஆடினாலும் என்ன ஆகிறது என்று அது பார்த்துப் படிக்கட்டும்” என்ற சேர், தலையால் என்னைக் காட்டினார். “கட்டினவரே ஆட்டட்டும். வேலை முடியும்வரை இவரை எங்கேயும் அனுப்ப வேண்டாம்.”

அவ்வளவுதான். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் ஜீப்பில் ஏறிவிட்டார். ஏறுமுன் பெட்டியைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டார். அது கொழும்பில் பெரிய திரையில் காட்டப்பட்டதாகக் கேள்வி. பொட்டு நன்றாக விழுந்திருந்ததாம்.

நிரந்தர வேலைக்கான கடிதம் அடுத்த வருடம் வந்தது. அதுவரை மாலை, வெசாக் கூடு, தார்ப்பாய், வாழையிலை என்று மிஸ் சொன்ன எல்லாவற்றையும் கம்பத்துக்கு முன்னால் ஆட்டியிருக்கிறேன். அப்பா என்ன வேலை செய்கிறார் என்று பாடசாலையில் கேட்டதற்கு என் மகள், “மாலை ஆட்டுறாரு டீச்சர்” என்று சொல்லிவிட்டு வந்தாள். சொந்தக்காரர் கல்யாணங்களில் மாலை மாற்றுகிற நேரம் வந்தால், “யோகன கிட்ட விடாதீங்க, மாப்பிள்ளைக்கு இருபது நாள்தான்” என்று இன்றைக்கும் யாராவது கத்துகிறார்கள். புஷ்பாதான் முதலில் சிரிப்பாள். எலுமிச்சம்பழம் யார் கொண்டுவந்தது என்பதை அவள் சொல்லும் கதையில் மட்டும் காணவில்லை.

சேர் வந்துபோன அடுத்த நாள் காலையிலேயே மிஸ் லெப்டொப்போடு வந்துவிட்டார். அன்று பார்த்துக் காற்று இல்லை, அதனால் மத்தியானம் வரை மாலையைக் கையால் ஆட்டினேன். பிறகு மழை வந்தது; காற்று மட்டும் வரவில்லை.