பட்டப்பகலில் லைட் போட்ட அக்கா

சிங்கப்பூரில் சூரியனை நம்பாத ஒரே மனுஷி எங்கள் லைட் அக்காதான். நண்பகல் பன்னிரண்டு மணிக்கு, தார் உருகும் வெயிலிலும் ஹெட்லைட்டை எரியவிட்டுத்தான் வருவார். தேக்கா பக்கம் இருந்த எங்கள் சரக்கு அலுவலகத்தில் அவர் ஆவணப் பிரிவு. வீடு தீவின் கிழக்குக் கோடியில், பாசிர் ரிஸ். காலையில் ஆபீஸ் போகிற வழியில் பிடோக்கில் நிற்கும் என்னை அவருடைய பழைய வெள்ளைக் காரில் ஏற்றிக்கொள்வார்.

முதல் வாரமே கேட்டுவிட்டேன். "இந்த வெயில்ல எதுக்குக்கா லைட்டு?"

"நான் பாக்குறதுக்கு இல்ல தம்பி. மத்தவன் என்னைப் பாக்குறதுக்கு."

இன்னும் கேட்டிருந்தால் பிடோக்கிலேயே இறக்கிவிட்டிருப்பார்.

அடுத்தவர் காரின் லைட்டும் அவர் பொறுப்புதான். ஒருமுறை தேக்கா கார் நிறுத்துமிடத்தில் யாரோ ஒருவருடைய வேனில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அக்கா மீனும் கறியும் விற்கும் ஈரச் சந்தைக்குள் நுழைந்து, "நீல வேன் யாருதுலா?" என்று கூவிக்கொண்டே போனார். இறைச்சிக் கடைக்காரர் என்னவோ ஏதோ என்று கையில் கத்தியோடு ஓடிவந்தார். கூட்டம் ஒதுங்கியது. அக்கா அசையவில்லை.

"கத்திய அப்புறம் காட்டுங்க. முதல்ல போயி லைட்ட அணைங்க, பேட்டரி போயிடும்."

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. எங்கள் மேனேஜரைத் துரத்திய கதைதான் அலுவலகத்தில் இன்றைக்கும் ஓடுகிறது.

ஒரு மதியம் வேலையாக வெளியே போய்விட்டு எக்ஸ்பிரஸ்வேயில் திரும்பிக்கொண்டிருந்தோம். கொட்டுகிற மழை. முன்னால் சாம்பல் நிறக் கார் ஒன்று, விளக்கே இல்லாமல் மழைக்குள் கரைந்து போய்க்கொண்டிருந்தது. அக்கா இரண்டுமுறை லைட்டை வெட்டிக் காட்டினார். அந்தக் கார் பயந்துபோய் தடம் மாறியது. நாங்களும் மாறினோம். அது எக்ஸ்பிரஸ்வேயை விட்டு இறங்கியது. நாங்களும் இறங்கினோம்.

"அக்கா, ஆபீஸ் அந்தப் பக்கம்!"

"இவன யாராச்சும் இடிச்சா?"

கடைசியில் ஓர் உணவங்காடி வாசலில் அந்தக் கார் சரணடைந்தது. அக்கா குடையோடு போய்க் கண்ணாடியைத் தட்டினார். கண்ணாடி இறங்கியது. உள்ளே எங்கள் மேனேஜர். கடும் காய்ச்சல் என்று காலையில்தான் மருத்துவச் சீட்டு காட்டி எம்.சி. விடுப்பு எடுத்திருந்தார். பக்கத்து இருக்கையில் ஒரு பை நிறைய டுரியான் பழம். வாடை எனக்கே எட்டியது. மனிதர் முகம் வெளுத்துவிட்டது.

"சார், மழைல லைட் போடாம வரலாமா? பின்னால வர்றவனுக்கு நீங்க இருக்கிறதே தெரியாதுலா!"

அவ்வளவுதான். அவர் லைட் போட்டதும் அக்கா திருப்தியாகத் திரும்பினார். எம்.சி. அக்காவுக்கு நினைவே இல்லை.

மறுநாள் அக்கா மேனேஜர் அறைக்கதவைத் தட்டி, "சார், நேத்து…" என்று ஆரம்பித்ததும் அலுவலகமே காதைத் தீட்டிக்கொண்டது. மேனேஜர் எழுந்தே நின்றுவிட்டார்.

"…பின்னாடி இடது பக்க பல்பு மங்கலா எரிஞ்சுது. மாத்திடுங்க."

அப்படிப்பட்டவர் ஒருநாள் மாலை, வீட்டுக்குப் போகும்போது, "இப்பல்லாம் எல்லாருமே ஹைபீம் போட்டு வர்றாங்கலா. கண்ணு கூசுது" என்றார். எதிரே பார்த்தேன். எல்லாம் சாதாரண வெளிச்சம்தான்.

"யாரும் போடலக்கா" என்றேன், தயங்கித் தயங்கி.

அடுத்த பெட்ரோல் நிலையத்துக்குள் காரைத் திருப்பினார். இறங்கி வந்து என் பக்கத்துக் கதவைத் திறந்தார். "நீ ஓட்டு." சாவியை என் கையில் வைத்தார்.

கண் நரம்பில் கோளாறு என்றார் டாக்டர். பகலில் மட்டும் ஓட்டிக்கொள்ளலாமே என்று மகள் கெஞ்சினாள். "நான் பாக்காம யாரையாச்சும் இடிச்சுட்டா?" என்று கேட்டுவிட்டு, அந்த மாதமே காரை விற்றுவிட்டார்.

இப்போது கம்பெனி வேன் என்னிடம். காலையில் பிடோக்கிலிருந்து ஆபீஸுக்கு எதிர்த்திசையில் போய் அவர் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே நிற்கிறேன்.

"போற வழிதானேக்கா" என்பேன்.

இருபது வருஷம் அதே சாலையில் வண்டி ஓட்டியவர், "ஆமா, வழிதான்" என்று ஏறிக்கொள்கிறார்.