கத்திரிப்பூ நிறத்தில் ஒரு தாலிக்கயிறு

பிள்ளைகள் பார்க்கும் வேலை புரியாதவரைக்கும் தாய்க்கு மரியாதை உண்டு. எனக்குப் புரிந்துவிட்டதாக நினைத்த அன்றுதான் சனி பிடித்தது.

என் மகள் செல்வி தென்னூரில் கலரிஸ்ட். கல்யாண வீடியோவில் ஒரு காட்சி வெளுத்தும் ஒரு காட்சி கறுத்தும் கிடக்கும். அதையெல்லாம் ஒரே சீராக்குவாள். சாம்பல் சுவர் வைத்த இருட்டறைக்குள் நாளெல்லாம் ஒரே முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். (இதற்குக் காசு வேறு கொடுக்கிறார்கள்!) சொந்தமாகத் தொழில் தொடங்கியதும் முதலில் வந்தது என் தங்கையின் இளைய மகன் கல்யாணம். அது நன்றாக அமைந்தால் சொந்தத்தில் அடுத்து வரும் கல்யாணமெல்லாம் அவளுக்குத்தான்.

அந்தக் கல்யாணத்துக்கு நான் கட்டியது மஞ்சள் பட்டு. தங்கையின் மூத்த மகன் கல்யாணத்துக்கும் அதேதான். பார்த்தவர்கள் மறந்துவிடுவார்கள், படம் மறக்குமா?

“என் புடவைய மட்டும் கத்திரிப்பூ கலரா மாத்திடுடி.”

“அம்மா, மஞ்சளைப் புடிச்சு மாத்தினா பக்கத்துல இருக்குற மஞ்சள் எல்லாம் சேர்ந்து மாறும். ஒவ்வொரு காட்சியிலயும் உன்னைச் சுத்தி வேலி போட்டு, அதுக்குள்ள மட்டும் மாத்தணும்.”

“போடேன். நான் என்ன வேலிய மேயவா போறேன்?”

முனகிக்கொண்டே போட்டாள். கடைசியாக ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றாள். ஸ்ரீரங்கத்தில் தங்கை வீட்டில் சம்பந்திகள் காத்திருந்தார்கள். “பாத்தது போதும், கிளம்பு” என்று பென்டிரைவைப் பிடுங்கிப் பையில் போட்டவள் நான்தான்.

டிவியில் என் புடவை ஜொலித்தது. நிமிர்ந்து உட்கார்ந்தேன். கெட்டிமேளம் கொட்டியது. படத்தில் விழ வேண்டுமென்று மணப்பெண்ணின் முதுகோடு ஒட்டி நின்றிருந்தேனா, அவள் கழுத்தும் வேலிக்குள் வந்துவிட்டது. மாப்பிள்ளை கட்டிய தாலிக்கயிறு அசல் கத்திரிப்பூ! மஞ்சள் பூசிய கன்னமும் யாரோ அறைந்தது போலக் கன்றியிருந்தது.

சம்பந்தியம்மா நெஞ்சில் கை வைத்தார். “என்னங்க இது, தாலிக்கயிறு இப்படி இருக்கு? அபசகுனமால்ல இருக்கு!”

செல்வி ரிமோட்டைத் தேடினாள். நான் எழுந்தேன். “அவ மேல தப்பில்லீங்க. ரெண்டு கல்யாணத்துக்கும் ஒரே புடவை கட்டினேன். அதை மறைக்கத்தான் மாத்தச் சொன்னேன்.”

“ஏன்க்கா, அது நான் எடுத்துக் குடுத்த புடவை,” என்றாள் தங்கை. “எனக்குத் தெரியாதா?”

முதலில் சிரித்தது புது மருமகள். பிறகு அவள் அம்மா. பிறகு கூடம் முழுக்க. (நான் மட்டும் கடைசியில்.)

செல்வி மறுநாளே சரிசெய்து கொடுத்தாள். அடுத்த கல்யாண வேலையும் அவளுக்கே வந்தது. முடியும்வரை அவள் அறைப்பக்கம் நான் போகக் கூடாது என்ற நிபந்தனையோடு.

இன்றைக்கும் எந்தப் பந்தியில் கத்திரிக்காய் வைத்தாலும் அந்த மருமகள் இலையிலிருந்து நிமிர்ந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்பாள்: “அத்தை, இது முன்னாடி என்ன கலர்ல இருந்துச்சு?”