நகரப் பொதுப் பல்

யாரும் கேட்காமலேயே அந்தத் தையல்காரர் வாயை ஆவென்று பிளந்துகொண்டு சேர்க்கை மேஜையின் மேல் குனிந்தார்.

"ஈழ் அரிசை... எடது அக்கம்... கடேசி," என்றார், வாயை மூடாமலே.

மேஜைக்குப் பின்னால் இருந்த எழுத்தர் நாற்காலியோடு இரண்டடி பின்வாங்கினார். காலையிலிருந்து இவர் ஆறாவது ஆள். முதலில் வந்த ஐந்து பேரும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டே திரும்பிப் போயிருந்தார்கள்.

"ஐயா, இது பல்கலைக்கழகம்."

"தெரியுதுங்க. போர்டைப் பார்த்துத்தானே வந்தேன்."

"இங்கே பாடம் நடத்துவாங்க. பல் பார்க்க மாட்டாங்க."

"பார்க்காமலா அவ்வளவு பெருசா எழுதி வச்சிருக்கீங்க?"

எழுத்தர் தெருவுக்கு ஓடிப்போய் அண்ணாந்து பார்த்தார். முந்தின நாள் அவர் வீட்டுக்குப் போனபிறகு மாட்டிய புதுப் போர்டு. மேல்வரி முழ உயர எழுத்தில் 'நகரப் பொதுப் பல்' என்றது. கீழ்வரி, போனால் போகிறதென்று சின்னதாக 'கலைக்கழகம்' என்றது. அதையும் எதிரே நின்ற மின்கம்பம் பாதி மறைத்துக்கொண்டிருந்தது.

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இதில் வேறு யாரையும் திட்டவும் வழியில்லை. பெயிண்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தவரே அவர்தான். சீட்டு சின்னது. 'பல்' எழுதியதும் தாளின் ஓரம் வந்துவிட்டது. மிச்சத்தை அடுத்த வரியில் எழுதிக் கொடுத்தார். பெயிண்டர் அதை ஈயடிச்சான் காப்பி அடித்துவிட்டார் போலிருக்கிறது.

இன்னொருவர் செய்திருந்தால் போகட்டும் என்று விடலாம். இவர் பதினோரு வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவர். மளிகைச் சீட்டில் ஓர் ஒற்று குறைந்தாலும் சிவப்பு மையால் போட்டுவிட்டுத்தான் கடைக்குக் கிளம்புவார். அதனால் வீட்டிலும் வெளியிலும் அவருக்குத் 'திருத்தம்' என்றே பெயர். அந்தத் திருத்தம்தான் ஊர் பார்க்கும்படி இப்படியொரு பிழையை ஆணியடித்து மாட்டியிருந்தது.

பல்கலைக்கழகத்துக்கு அப்போது வயது ஐந்து மாதம். மூடிப்போன குடைத் தொழிற்சாலைதான் கட்டடம். வரலாற்று வகுப்பின் கூரையில் குடை தொங்கவிட்ட கொக்கிகள் இன்னும் வரிசையாக இருந்தன. பேராசிரியர்கள் நாலு பேர், மாணவர்கள் நாற்பத்தொரு பேர். ஆய்வு அதிகாரி வரும் நாளில் இருநூறு மாணவர்கள் இருந்தால் பல்கலைக்கழகம் நிலைக்கும், இல்லாவிட்டால் மூடிவிட்டுக் கட்டடத்தைக் கிடங்காக்கிவிடுவோம் என்று அரசாங்கம் கறாராகச் சொல்லியிருந்தது. அதற்கு இன்னும் நாற்பதே நாள்.

திருத்தத்தின் தற்காலிக வேலையும் அதோடு கட்டிய வேலைதான். நம் ஊருக்கும் ஒரு பல்கலைக்கழகமா என்ற பூரிப்பில் அச்சகத்து நிரந்தர வேலையை விட்டுவிட்டு வந்த மனிதர். திரும்பிப் போகலாமென்றால் அச்சகத்தில் அவருடைய நாற்காலியில் இப்போது அவருடைய மச்சினனே உட்கார்ந்திருந்தான்.

அன்று சாயங்காலம் மனைவி கேட்டாள்.

"போர்டு மாட்டியாச்சா? எப்படி இருக்கு?"

"பளிச்சுன்னு இருக்கு."

"அதை ஏன் பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சொல்றீங்க?"

மறுநாள் பெயிண்டரைத் தேடிப் போனார். கடைக்குப் பூட்டு. பக்கத்து ஊரில் பாலத்துக்குப் பெயிண்ட் அடிக்கப் போயிருப்பதாகவும், வர நாற்பது நாள் ஆகுமென்றும் சொன்னார்கள்.

வேறு வழியில்லாமல் துணைவேந்தர் அம்மாவின் அறைக்குப் போய் நின்றார். அந்த அம்மாவின் கார் எப்போதும் பின்வாசல் வழியாகத்தான் வரும். இதுவரை போர்டைப் பார்த்திருக்க மாட்டார் என்பதுதான் திருத்தத்துக்கு இருந்த ஒரே தெம்பு.

"அம்மா, போர்டுல ஒரு சின்ன மாற்றம் பண்ணலாம்னு..."

"மாற்றமா?" அம்மா கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார். "அப்ப ஒரு கோப்பு போட்டு அனுப்புங்க. எதுவும் முறைப்படி போகட்டும்."

கோப்பு முறைப்படி போனது. போன கோப்பு போனதுதான்.

திருத்தம் தானே களத்தில் இறங்கினார். 'இங்கே பல் பார்க்கப்படாது' என்று அழகாக எழுதி வாசலில் ஒட்டினார். மறுநாள் காலை வந்து பார்த்தால் தாளின் கடைசிப் பகுதி கிழிந்துபோய் 'இங்கே பல் பார்க்கப்' என்று நின்றது. காற்றுக்குப் போகிற புத்தி! நாற்பது பேர் வாசலில் காத்திருந்தார்கள். அந்த வேதனைக்கு நடுவிலும், அந்தரத்தில் தொங்கிய 'ப்'தான் அவர் கண்ணை உறுத்தியது.

அடுத்ததாக ஏணி போட்டு ஏறி, 'பல்'லின் மேல் ஒரு துணியைக் கட்டினார். இப்போது போர்டு 'நகரப் பொதுப் கலைக்கழகம்' என்றது. மத்தியானத்துக்குள் தெருக்கோடியிலிருந்து ஒரு நாடகக் குழு மேளத்தோடு வந்து இறங்கியது.

"ஒத்திகை பார்க்க இடம் எங்கேங்க?"

"எந்த ஒத்திகை?"

"பொதுக் கலைக்கழகம்னு போட்டிருக்கே. ஆனா 'பொதுக்'னு வரணும். தப்பா எழுதி வச்சிருக்கீங்க."

பதினோரு வருஷம் பிழை திருத்தியவரை மேளக்காரர் திருத்திவிட்டுப் போய் ஓரமாக உட்கார்ந்தார். பல்வலிக்காரர்களின் பக்கத்தில் மேளம் அடித்தால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் அந்தத் துணியையும் காணோம். 'பல்' மறுபடி பளபளத்தது. துணி திருடுகிற ஊராகிவிட்டதே என்று திருத்தம் நொந்துகொண்டார்.

வந்தவர்களை விரட்டவும் அவருக்கு மனம் வரவில்லை. "ரெண்டு தெரு தள்ளிப் பெரிய ஆஸ்பத்திரி இருக்கே, அங்கே போங்களேன்," என்று சொல்லிப் பார்த்தார்.

"அங்கே நாலு மணிக்கு வரச் சொல்லிட்டாங்க. அதுவரைக்கும் எங்கே போய் நிக்கிறது?"

நிற்கிறவர்களைப் பார்க்கச் சகிக்காமல் தாழ்வாரத்தில் நாற்காலிகளைப் போட்டார். அட்டெண்டர் அக்கா இரக்கப்பட்டு வெதுவெதுப்பாக உப்புத் தண்ணீர் கொடுத்தாள். நாற்காலி, வரிசை, கொப்பளிக்கத் தண்ணீர். இதுவரை பார்க்கத்தான் ஆஸ்பத்திரியாக இருந்தது, இப்போது சத்தத்திலும் ஆஸ்பத்திரியாகிவிட்டது.

"என்ன அக்கா, நீங்களுமா?"

"வலின்னு வந்தவங்களை என்ன சொல்லி அனுப்புறது தம்பி? உப்பு நம்ம உப்புதானே."

அக்காவின் உப்புத் தண்ணீருக்கு ஊரில் தனிப் பெயரே வந்துவிட்டது. மறு வாரம் தாழ்வாரம் கொள்ளவில்லை. மாணவர்கள் சுவரோரமாகப் பக்கவாட்டில் நடந்துதான் வகுப்புக்குப் போனார்கள். திருத்தம் ஒரு முடிவுக்கு வந்து, இன்னும் பல்லைப் பிடுங்காமல் வந்துகொண்டிருந்த தையல்காரர் உட்பட மொத்தக் கூட்டத்தையும் வரலாற்று வகுப்புக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். அங்கேதான் நூறு இருக்கைக்கு ஒன்பது பேர் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு மணி நேரம் கழித்து வரலாற்றுப் பேராசிரியர் வெளியே ஓடிவந்தார். போச்சு, வேலை போச்சு என்று திருத்தம் எழுந்து நின்றார்.

"யாருங்க இவங்கல்லாம்?" என்றார் பேராசிரியர். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. "இருபது வருஷமா பாடம் எடுக்கறேன். இப்படி வாயை மூடிக்கிட்டு, கன்னத்துல கை வச்சு, அசையாம கேட்ட மாணவர்களை நான் பார்த்ததே இல்லை. நாளைக்கும் அனுப்புவீங்களா?"

திருத்தத்துக்குத் தலை சுற்றியது. மாணவர் அல்லாதவர் வகுப்பில் உட்காருவது விதிப்படி குற்றம். அதிகாரிக்குத் தெரிந்தால் பல்கலைக்கழகத்தையே மூட அது ஒன்று போதும். அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை உதித்தது. பன்னிரண்டு பக்கச் சேர்க்கை விண்ணப்பம்! 'முதலில் இதை நிரப்புங்கள்' என்று நீட்டினால், பார்த்த மாத்திரத்தில் அத்தனை பேரும் ஓடிவிடுவார்கள்.

பல்வலி வந்தவனின் பொறுமையை அவர் சரியாக எடைபோடவில்லை. எல்லாரும் வரி விடாமல் நிரப்பிக் கொடுத்தார்கள். வாங்கியதற்கு விதிப்படி அவரும் சேர்க்கை ரசீது கொடுக்க வேண்டியதாயிற்று. 'கற்க விரும்பும் பாடம்' என்ற இடத்தில் ஒருவர் 'எதுவானாலும் சீக்கிரம்' என்று எழுதியிருந்தார். அதிலும் 'சீக்கிறம்' என்று இருந்ததை அவர் கை தன்னால் திருத்தியது.

மறுநாள் தையல்காரர் மறுபடி வந்தார். வாயில் பஞ்சு. பல்லை ஆஸ்பத்திரியில் எடுத்தாயிற்று.

"அப்புறம் என்னங்க? வலி போச்சு இல்ல?"

"போச்சுங்க. ஆனா அந்த ராணி கோட்டைக்குள்ள மாட்டிக்கிட்டாங்களே, அப்புறம் என்ன ஆச்சுன்னு தெரியலையே. ராத்திரி பூரா அதே யோசனை." சட்டைப் பையிலிருந்து சேர்க்கை ரசீதை எடுத்துக் காட்டினார். "சேர்ந்துட்டேனே, உள்ள போகலாம் இல்ல?"

திருத்தம் எழுந்துபோய்க் கதவைத் திறந்து விட்டார்.

தையல்காரருக்குப் பின்னால் ஒரு கொத்தனார் வந்தார். அவருக்குக் கணக்கு வகுப்பு பிடித்துவிட்டது. ஒரு பஸ் கண்டக்டர் வந்தார். இரண்டு செவிலியர்கள் வந்தார்கள். காய்கறி விற்கிற அம்மா ஒருத்தி, மகளையும் சேர்த்துக்கொண்டு வந்தாள். பகலில் வேலைக்குப் போகிறவர்களுக்காக மாலை வகுப்பு தொடங்கியது. மேளக்காரர்கூடப் பொருளாதாரத்தில் சேர்ந்துவிட்டார். முப்பத்தெட்டாம் நாள் பதிவேட்டில் இருநூற்றுப் பதினாலு பெயர்கள் இருந்தன.

திருத்தத்துக்கு மட்டும் நிம்மதி இல்லை. அதிகாரி எப்படியும் முன்வாசல் வழியாகத்தான் வருவார். போர்டைப் பார்ப்பார். இத்தனை பேரும் எப்படி வந்தார்கள் என்று கேட்பார். மோசடி என்று எழுதினால் பல்கலைக்கழகம் போகும். சீட்டு எழுதியது யார் என்று கேட்டால் தன் தலை போகும்.

நாற்பதாம் நாள் அதிகாரி வந்தார். கறுத்த கண்ணாடி, சிரித்தறியாத முகம். போர்டின் கீழே நின்று முழுதாக ஒரு நிமிஷம் அண்ணாந்து பார்த்தார்.

வகுப்பில் தலை எண்ணினார். பதிவேட்டோடு சரிபார்த்தார். பிறகு முன்வரிசையில் இருந்தவரைக் கையைக் காட்டி எழுப்பினார். நேரம் பார்த்து அது தையல்காரராக அமைந்தது.

"நீங்க ஏன் இங்கே சேர்ந்தீங்க?"

"பல்வலிங்க," என்றார் தையல்காரர்.

திருத்தம் கண்ணை மூடிக்கொண்டார்.

"என்னது?"

"போர்டைப் பார்த்துப் பல்லுக்குன்னு வந்தேங்க. இவர்தான் உட்கார நாற்காலி கொடுத்தாரு. பாடத்தைக் கேட்டேன். எட்டாவதோட நிறுத்தின ஆள் நான், பரீட்சை எழுதி பாதியில விட்டதை முடிச்சதே போன வருஷம். மேல படிக்க நமக்கெல்லாம் எங்கே இடம்னு இருந்தேன். 'பல்கலைக்கழகம்'னு மட்டும் எழுதியிருந்தா அது நமக்கில்லைன்னு அந்தப் பக்கமே பார்க்காம போயிருப்பேங்க."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார், பதிவேட்டின் கீழே நீளமாக என்னவோ எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு துணைவேந்தர் அம்மாவைப் பார்த்து, "இருநூறு கேட்டோம், இருநூற்றுப் பதினாலு இருக்கு. நிரந்தர அங்கீகாரம். கூடவே சொந்தக் கட்டடத்துக்கும் பரிந்துரை பண்ணியிருக்கேன்," என்றார்.

திருத்தம் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நாற்பது நாளாகப் பிடித்து வைத்திருந்த மூச்சு ஒரேயடியாக வெளியே வந்தது. அட்டெண்டர் அக்கா பயந்துபோய் அவருக்கும் ஒரு டம்ளர் உப்புத் தண்ணீர் கொடுத்தாள். இனிப்பாக இருக்கிறது என்று சொல்லிக் குடித்தார்.

எல்லாம் முடிந்தபின், மனசாட்சி உறுத்தத் துணைவேந்தர் அம்மாவிடம் போய் நின்றார்.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். அந்தப் போர்டுல இருந்த தப்பு என்னாலதான். சீட்டை நான்தான் ரெண்டு வரியா எழுதிக் கொடுத்தேன்."

"அப்படியா?" அம்மா ஓர் உறையை எடுத்து நீட்டினார். "இந்த நாற்பது நாள்ல நீங்க ஒரு நாள்கூட லீவு போடலை. காலையில எனக்கு முன்னாடியே வந்துட முயற்சி பண்ணினீங்க. இந்தாங்க, உங்க நிரந்தர வேலை உத்தரவு. பெயிண்டர் வந்துட்டாராம். நாளைக்கே போர்டைச் சரி பண்ணிடச் சொல்லுங்க."

அன்று வீட்டில் திருத்தம் வாயெல்லாம் பல்லாக இருந்தார். மனைவி அந்த உத்தரவை மூன்று தடவை படித்தாள். மூன்றாவது தடவை அதில் ஒரு பிழையைக் கண்டுபிடித்துக் காட்டினாள். "இருக்கட்டும் விடு," என்றார். கல்யாணமானதிலிருந்து அவர் வாயில் அப்படியொரு சொல் வந்ததே இல்லை.

மறுநாள் பெயிண்டர் ஏணியோடு வந்தார். திருத்தம் இந்த முறை நீளமான தாளாகத் தேடி எடுத்து, ஒரே வரியில் 'நகரப் பொதுப் பல்கலைக்கழகம்' என்று எழுதி, இரண்டு தடவை சரிபார்த்து, அவர் கையில் கொடுத்தார்.

"போன தடவை என் மேலதான் தப்பு. சீட்டுல ரெண்டு வரியா எழுதிட்டேன். நீங்களும் அதைப் பார்த்து அப்படியே எழுதிட்டீங்க, பாவம்."

பெயிண்டர் பிரஷ்ஷை டப்பாவில் வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"பல்கலைக்கழகம்னு எழுத எனக்குத் தெரியாதா சார்? நான் சேர்த்துத்தான் எழுதினேன். உங்க துணைவேந்தர் அம்மாதான் கடைக்கே வந்து, எல்லாத்தையும் அழிக்கச் சொல்லி, 'பல்'லைத் தனியா பெருசா எழுதுங்கன்னு பக்கத்துலயே நின்னு வாங்கிட்டுப் போனாங்க!"