வண்டிக்கு ஒன்றுமில்லை

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், வண்டியும் நலம். அங்கே நீ, மருமகள், பேத்தி, பேத்திக்கு விழுந்த பல்லின் இடத்தில் முளைக்கும் புதுப்பல் ஆகிய அனைவரின் நலமும் அறிய ஆவல். மேலே சொன்ன இரண்டு நலங்களில் முதலாவதை நீ கேள்வி கேட்காமல் நம்புவாய். இரண்டாவதை நம்பவைக்கத்தான் இந்தக் கடிதம்.

நேற்று பழைய இரும்புக் கடைக்காரர் வந்தார். நீ அனுப்பியதாகச் சொன்னார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, கதவைத் தட்டிப் பார்த்து, "கேஸ்கெட் போயிடுச்சாமே, பிஸ்டன் ரிங்கும் போயிடுச்சாமே, பாவம் சார்" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் பேசினார். மாதக் கடைசியில் இழுவை வண்டியோடு வருகிறாராம். நான் வேண்டாம் என்றேன். "வண்டி உங்க பேர்ல இல்லையே சார்" என்றார். நியாயமான பேச்சு. ஆகவே நீதான் அவரிடம் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இதைப் போனிலேயே சொல்லலாமே என்பாய். போனில் நான் வாயைத் திறந்தாலே, "அப்பா, நீங்க பேசாதீங்க, இன்ஜினைப் பேச விடுங்க" என்கிறாய். நானும் பானெட்டைத் தூக்கி, போனை உள்ளே நீட்டிக்கொண்டு, அது பேசி முடிக்கும்வரை நிற்கிறேன்.

ஆரம்பத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. வேலை மாறி நீ அந்த ஊர் ஒர்க்‌ஷாப்புக்குப் போனபோது, அங்கே நிறுத்த இடமில்லை என்று வண்டியை என்னிடம் விட்டாய். வாரம் ஒருமுறை நான் அதை ஸ்டார்ட் செய்ய வேண்டும், வாரம் ஒருமுறை நீ என்னைக் கூப்பிடுவாய் என்று ஏற்பாடு. "எப்படி இருக்கீங்க?" "நல்லா இருக்கேன்." "வண்டி?" "அதுவும்." "சரிப்பா, வைக்கிறேன்." உன்மேல் தப்பில்லை. நன்றாக இருக்கிறவனிடம் பேச என்னதான் இருக்கிறது? அப்புறம் ஒரு நாள் சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பாமல் டக், டக் என்று மட்டும் சொன்னது. உனக்குச் சொன்னேன். அன்றைக்கு நீ பேசினாயே ஒரு பேச்சு! லைட் மங்கலாக எரிகிறதா, ஹார்ன் சத்தம் தேய்ந்து வருகிறதா, பேட்டரி முனையில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா என்று கேட்டுக்கேட்டு, பேட்டரி இறங்கிவிட்டது என்று கண்டுபிடித்தாய். காது சூடாகிவிட்டது எனக்கு. நடுவில் மருமகள் வந்து என்ன சமைத்தேன் என்று கேட்டாள். பேத்தி வந்து ஒரு பாட்டின் பாதியைப் பாடினாள். பேட்டரி ஏன் இறங்கியது என்று மட்டும் நீ கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். சாயங்காலங்களில் நான் வண்டிக்குள் உட்கார்ந்து ரேடியோ கேட்கிறேன். வீட்டில் கேட்டால் பாட்டு அறை அறையாகப் போய்த் திரும்பி வருகிறது. ஒற்றை ஆளுக்கு வீட்டைவிடக் கார்தான் அளவாக இருக்கிறது. உன் அம்மா முன்னால் இழுத்துவிட்ட சீட்டை நான் இன்னும் பின்னால் தள்ளவில்லை.

மற்ற நோய்களைப் பற்றி. நீதிமன்றத்தில் முப்பது வருஷம் சுருக்கெழுத்தாளனாக இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. சாட்சியிடம் விடையையும் சேர்த்துக் கேட்கக் கூடாது. காலைக் குளிரில் பின்குழாயில் மெல்லிசாக ஏதோ வந்தது, வந்த வேகத்தில் மறைந்தது. வெறும் நீராவி. அதை நான் புகை என்றேன். நீ உடனே, "வெள்ளையா? தொடர்ந்து வருதா? இனிப்பா வாசனை வருதா?" என்றாய். இனிப்பா என்று இவ்வளவு ஆவலோடு என்னை யாரும் எதையும் கேட்டு வெகுநாளாகிறது. ஆமாம் என்றேன். "ஐயோ அப்பா, கூலண்ட் உள்ளே எரியுது, ஹெட் கேஸ்கெட்!" என்று பதறினாய். அந்த வாரம் தினமும் கூப்பிட்டாய். அடுத்த வாரம் பதற்றம் குறைந்ததால், புகை நீலமாகிவிட்டது என்றேன். நீலம் என்றால் ஆயில் எரிகிறது, பிஸ்டன் ரிங் போச்சு என்றாய். அதற்கடுத்துக் கறுப்பு என்றேன், பெட்ரோல் அதிகமாகப் போகிறது என்றாய். கொஞ்சம் யோசித்து, "அப்பா, அது காரா, வாணவேடிக்கையா?" என்றும் கேட்டாய். நான் சிரித்தேன். நீயும் சிரித்தாய். அதோடு விட்டிருக்கலாம். ஸ்டார்ட் செய்ததும் கிரீச் என்கிறது என்றேன், ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கும் என்று நீ கண்டுபிடித்தாய். கிரீச் என்றது எதிர்வீட்டு கேட். சூட்டு முள் ஏறுகிறது என்றேன். ஏறுகிறதுதான், பாதி வரை ஏறி, அங்கேயே சமர்த்தாக நிற்கிறது. அடியில் ஒழுகுகிறது என்றதற்கு, "அட்டை விரிச்சு வைங்க, சொட்டுற கலரைச் சொல்லுங்க" என்றாய். விரித்தேன். சொட்டியது சுத்தமான தண்ணீர். ஏசி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் தண்ணீர் சொட்டாமல் என்ன செய்யும்? ஆனால் நீ, "பழுப்பா, பச்சையா? ஆயிலா, கூலண்டா?" என்றுதான் கேட்டாய். தண்ணீர் என்ற விடைக்கே நீ இடம் வைக்கவில்லை.

இரும்புக்காரர் போன கையோடு, தெருமுனை மெக்கானிக்கை அழைத்து வந்தேன். நம் தெருவில் எல்லோரும் ஸ்பேனர் என்று கூப்பிடுவார்களே, அவர்தான். எல்லாவற்றையும் திறந்து பார்த்தார்.

"வண்டி கல்லு மாதிரி இருக்கு சார். இதுக்கு இவ்வளவு நோயும் யாரு சொன்னது?"

"என் பையன்."

"பையன் என்ன வேலை?"

"பெரிய ஒர்க்‌ஷாப்ல சூப்பர்வைசர்."

"அப்ப சரி" என்று பானெட்டை மூடிவிட்டார்.

உன் கௌரவத்தை அந்த இடத்தில் விட்டுக்கொடுத்தது எனக்கு வருத்தம்தான். ஆனாலும் விஷயம் தெளிவாகிவிட்டதல்லவா? வண்டிக்கு ஒன்றுமில்லை. இரும்புக்காரரிடம் சொல்லிவிடு. வண்டி போய்விட்டால் நீ வாரம் ஒருமுறை எதை விசாரிப்பாய் என்று நான் கேட்கவில்லை. கடிதத்தில் இடமில்லை.

பேத்தி பல்லோடும், மருமகள் சிரிப்போடும், நீ நல்ல தூக்கத்தோடும் இருக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். பாட்டின் மீதிப் பாதியை நான் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
அப்பா

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். தபால் பெட்டி வரை காரிலேயே போவோம் என்று இன்று காலை ஸ்டார்ட் செய்தேன். உள்ளே ஒரு தட்டல். ஆக்சிலேட்டரை மிதித்தால் வேகமாகத் தட்டுகிறது, காலை எடுத்தால் மெதுவாகத் தட்டுகிறது. ஆயில் லைட் சிவப்பாக எரிந்தது. அது எரிந்தால் ஒரு நொடிகூட ஓடவிடக் கூடாது என்று நீ சொல்லியிருக்கிறாய், அணைத்துவிட்டேன். அட்டையில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பழுப்பு. ஆயில் அளக்கும் கம்பியைத் துடைத்துவிட்டு மறுபடி விட்டு எடுத்தேன், நுனியில்கூட ஒட்டவில்லை. ஸ்பேனரைக் கூப்பிட்டேன். "இன்னைக்கு என்ன கலர் புகை சார்?" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். உன்னைக் கூப்பிட்டேன். "போதும்பா, அதான் மாசக் கடைசியில போகுதே" என்று வைத்துவிட்டாய். ஆகவே மேலே எழுதியிருப்பதைப் பொருட்படுத்தாதே, கீழே இருப்பதை மட்டும் படி. இது நிஜம்டா. இதில் நீ கேட்டு நான் ஆமாம் போட்டது எதுவுமில்லை. ஒரு தடவை கூப்பிடு. நான் வாயைத் திறக்க மாட்டேன். போனை இன்ஜின் பக்கத்தில் பிடித்துக்கொண்டு சும்மா நிற்கிறேன்.