பெரிய டீச்சரின் கோழியும் என் பட்டாம்பூச்சியும்

ஒரு கோழி சாக வேண்டும் என்று நான் மனதார வேண்டிக்கொண்டதுண்டு. அதுவும் எங்கள் தலைமையாசிரியை பெரிய டீச்சரின் கோழி. (நான் சுத்த சைவம் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.)

எழுபதுகளின் கடைசியில் சங்கரன்கோவிலில் ஒரு பெண்கள் பள்ளியில் தற்காலிக அறிவியல் டீச்சராக இருந்தேன். கல்வி அதிகாரி வந்து என் வகுப்பைப் பார்த்துத் திருப்திப்பட்டால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் புளியங்குடிக்குத் திரும்பி, அப்பாவின் எலுமிச்சைக் கடையில் உட்கார்ந்து காய் பொறுக்க வேண்டும். இதற்கா பி.எஸ்ஸி. படித்தாள் என்று தெருவே கேட்கும்.

நான் எடுத்துக்கொண்ட பாடம், பட்டாம்பூச்சிகள் எதிரிகளிடமிருந்து தப்பிக்கும் வழிகள். காய்ந்த இலைபோல் இருந்து ஏமாற்றுவது, இறக்கையில் கண்போன்ற புள்ளி காட்டி மிரட்டுவது, வேறு பூச்சியைப் போல வேஷம் போடுவதெல்லாம் கரும்பலகையோடு முடிந்துவிடும். எருக்கிலை தின்று வளரும் செங்காவிப் பட்டாம்பூச்சியை மட்டும் நேரிலேயே காட்ட நினைத்தேன். எருக்கின் நஞ்சு அதன் உடம்பில் தங்குவதால், கொத்திய பறவை குமட்டிக்கொண்டு துப்பிவிடுமாம். (புத்தகத்தோடு நிறுத்தியிருக்கலாம். இளரத்தம்.)

எருக்கம்புதர் இருந்தது தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். எனக்கோ அன்று கஞ்சி போட்ட புதுச் சேலை. பள்ளிக் குழாயடியில், கோழிப்பசலைக் கீரை படர்ந்த இடத்தில், அதே செங்காவி, அதே கறுப்பு நுனி, அதே வெள்ளைப் புள்ளிகளோடு ஒன்று உட்கார்ந்திருந்தது. பிடித்துப் பாட்டிலில் போட்டுக்கொண்டேன்.

கோழியை, பள்ளி வளாகத்திலேயே குடியிருந்த பெரிய டீச்சர் இரவல் கொடுத்தார். "பாத்து டீச்சர், தெனமும் முட்ட போடுத கோழியாக்கும்."

அதிகாரி கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். "பாருங்க, கொத்தும், உடனே துப்பிரும்" என்று அறிவித்துவிட்டு, பூச்சியின் இறக்கையைப் பிடித்துக் கோழியின் முன் நீட்டினேன்.

கோழி கழுத்தைச் சாய்த்துப் பார்த்தது. கொத்தியது. கிழிந்த பின்னிறக்கை ஒன்று என் விரல்களில் தங்க, மீதியை விழுங்கியது. பிறகு, இன்னும் இருக்கிறதா என்பதுபோல் என் முகத்தைப் பார்த்தது.

"துப்பும்னீங்க?" என்றார் அதிகாரி.

"கொஞ்சம் நேரம் ஆகும் சார்."

"போர்டுல நஞ்சுன்னுல்லா எழுதியிருக்கு?"

வாசலில் நின்ற பெரிய டீச்சர் உள்ளே பாய்ந்தார். "ஏட்டி, என் கோழியக் கொன்னுட்டியே! மக்கா, என் மேசையில கோயில் புத்துமண்ணு இருக்கு, ஓடிப்போய் எடுத்துட்டு வா!" விஷத்துக்கு எங்கள் ஊரில் அதுதான் முதல் மருந்து. கரைத்துக் கோழியின் வாயில் ஊற்றினார்.

என் நிலைமையைப் பாருங்கள். கோழி செத்தால் பாடம் சரி, பெரிய டீச்சர் என்னைத் தொலைத்துவிடுவார். பிழைத்தால் பாடம் தப்பு, அதிகாரி தொலைத்துவிடுவார். லேசாக மயங்கி, ஒரு தடவை கக்கிவிட்டு எழுந்தால் போதும் என்று கோமதியம்மனிடம் பேரம் பேசினேன். கோழி சாவகாசமாக ஒரு சாக்பீஸ் துண்டைக் கொத்தியது. சரி, செத்தே போகட்டும் என்று வேண்டினேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

கோழி கேட்கவில்லை. அதிகாரி எழுந்து என்னை நோக்கி வந்தார். அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் கையிலிருந்த இறக்கையைப் பார்த்தேன். எருக்குப் பூச்சியின் பின்னிறக்கையில் மூன்று நான்கு கரும்புள்ளிகள் இருக்க வேண்டும். இதில் ஒன்றே ஒன்று. இது நஞ்சே இல்லாத வேறு பூச்சி. கோழிப்பசலை தின்று வளர்ந்து, நஞ்சுள்ளதைப் போல வேஷம் போட்டுப் பிழைப்பது. அந்த வேஷத்தைப் பற்றித்தான் அரை மணி முன்பு கொட்டை எழுத்தில் கரும்பலகையில் எழுதியிருந்தேன்.

அழாக்குறையாக எல்லாவற்றையும் சொல்லி இறக்கையை நீட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் வேலை அந்த விரல்களுக்கு நடுவில் இருந்தது.

"வேஷம் போட்டது கோழிய ஏமாத்துததுக்கு. கோழி ஏமாறல, டீச்சர் ஏமாந்துட்டீங்க" என்றார். பிறகு குலுங்கிச் சிரித்தார். "பிள்ளைக இந்தப் பாடத்த இனிச் செத்தாலும் மறக்காதுவ."

வேலை நிரந்தரமானது. கோழியைப் பிழைக்க வைத்தது புற்றுமண்தான் என்று பெரிய டீச்சர் ஓய்வு பெறும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் எத்தனையோ வருஷம் அறிவியல் நடத்தினேன். ஆனால் வீட்டில், நான் எதை அசல் என்று சொன்னாலும் எடுபடுவதில்லை. சேலையை விரித்து "சுத்தப் பட்டு" என்றால், கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "கோழிகிட்ட ஒரு வார்த்த கேட்டியா?" என்பார். மகளுக்கு ஒரு வரன் வந்தபோது, "தங்கமான பையன்" என்று பூரித்துப்போனேன்.

"ஏம்மா, கோழி பாத்துட்டுதா?" என்றாள் அவள்.

மறுநாளே பஸ் ஏறிப் போய் அந்தப் பையனைப் பற்றி இன்னொரு தடவை விசாரித்துவிட்டு வந்தேன்.