எழுந்து நின்ற குடும்பம்

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த அகால வேளையில் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள். வீடு அடங்கிய பிறகுதான் எனக்கு மூளை வேலை செய்கிறது. இங்கு யாவரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் வாண்டு மட்டும்தான் நலம், அவளைப் பெற்ற இருவரும் சுமார். உன் முட்டிவலியும் அத்தானின் சர்க்கரையும் அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் துணி மடிப்பாய், அத்தான் கேட்டுவிட்டு ஆயுசுக்கும் இவரைக் கேலி செய்வார். அதனால்தான் கடிதம். படித்ததும் அழித்துவிடு.

வாண்டுக்கு ஐந்து வயதாகப் போகிறது. விளையாட்டுப் பள்ளியில் இனிமேல் வைத்துக்கொள்ள மாட்டார்களாம். எங்களைப் போல வெளியிலிருந்து வந்தவர்களுக்கு இங்கே தோதாக இருப்பது இரண்டே இன்டர்நேஷனல் ஸ்கூல்கள். வெள்ளிக்கிழமைக்குள் ஏதாவது ஒன்றுக்குச் சரி சொல்லியாக வேண்டும். என் பயம் உனக்குத் தெரியும். அவளுக்கு வாய் முழுக்கத் தமிழ். நாளெல்லாம் தொணதொணக்கிற பிள்ளை, பாஷை புரியாத வகுப்பில் தாகம் எடுத்தால்கூடச் சொல்லத் தெரியாமல் உட்கார்ந்திருக்குமே!

முதல் பள்ளி டை கட்டுகிற பள்ளி. பளபளக்கும் ஷூ, வரிசை வரிசையாக பெஞ்சு, குண்டூசி விழுந்தாலும் திரும்பிப் பார்க்கிற அமைதி. உள்ளே போனதும் எனக்கு அப்படியொரு நிம்மதி, நீ இருந்திருந்தால் உடனே கணக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்திருப்பாய். ஆனால் ஒரு அம்மாள் வாண்டுவை எதிரே உட்கார வைத்து இங்கிலீஷில் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்க, இவள் வாயைத் திறக்கவே இல்லை. கடைசியில், இடம் உண்டு, ஆனால் ஒரு வகுப்பு கீழே, அதுவும் வீட்டில் இங்கிலீஷ் மட்டுமே பேச வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். காரில் ஏறியதும், "ஏன்டி, வீட்ல அவ்ளோ வாய் பேசுற, அங்க மட்டும் என்ன வந்துச்சு?" என்று கேட்டேன். "அந்த ஆன்ட்டி கேட்டுட்டு பேப்பரத்தானே பாக்குறாங்க, நான் யார்ட்ட சொல்றது?" என்கிறாள்.

இரண்டாவது, நீ போனில் "அது ஸ்கூலாடி, ரயில்வே பிளாட்பாரமா?" என்று கேட்டாயே, அதே பள்ளி. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பிள்ளைகள் தரையில் மெத்தை போட்டுப் படுத்துப் படிக்கிற இடம். இங்கேயாவது வாண்டு வாயைத் திறக்க வேண்டுமென்று இவர் வீட்டிலேயே ஒத்திகை ஆரம்பித்தார். பழைய டை ஒன்றைப் பனியன் மேலேயே கட்டிக்கொண்டு, ஹெட்மாஸ்டராகச் சமையலறையிலிருந்து வருவார். நானும் வாண்டுவும் சோபாவிலிருந்து விசுக்கென்று எழுந்து "குட் மா...ர்னிங் சா...ர்" என்று பாட வேண்டும். "இன்னும் இழுங்க, இழுத்தாத்தான் மரியாதை" என்பார். வாண்டுவுக்கு இது பிடித்துப்போய், இவர் குளித்துவிட்டுத் துண்டோடு வந்தால்கூட எழுந்து நின்று பாட ஆரம்பித்துவிட்டாள்.

அன்றைக்குப் போனவுடன் வகுப்பு டீச்சர் வாண்டுவை விளையாடக் கூட்டிப்போய்விட்டாள், எங்களை ஒரு அறையில் உட்கார வைத்தார்கள். யார் உள்ளே வந்தாலும் இவர் எழுந்து நிற்கிறார், இவர் நின்றால் நானும் நிற்க வேண்டியிருக்கிறது. ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர்காரருக்கு நின்றோம், மீசை முளைத்த ஒரு மாணவனுக்கு நின்றோம். "ஏங்க, இவரு தண்ணி கேன் போடுறவருங்க" என்றால், "எதுக்கும் இருக்கட்டும்" என்கிறார். கடைசியில் டீ-சர்ட்டும் கையில் காபியுமாக நிஜமான ஹெட்மாஸ்டரே வந்து தரையில் மெத்தையில் உட்கார, நாங்கள் துள்ளி எழுந்தோம். நாங்கள் நிற்பதைப் பார்த்து, பாவம், அவரும் எழுந்துவிட்டார். ஹெட்மாஸ்டர் நிற்கும்போது நாம் எப்படி உட்காருவது? விருந்தாளி நிற்கும்போது அவர் எப்படி உட்காருவார்? உட்காருங்கள் என்று அவர் கை காட்ட, நீங்கள் உட்காருங்கள் என்று இவர் கை காட்ட, எங்களுக்கு ஏதோ அவசரம், கிளம்புகிறோம் என்று அவர் நினைத்துக்கொண்டார். சிரித்தபடி கதவைத் திறந்தார், பெரியவர் கதவைத் திறந்தால் மறுக்க முடியுமா, வெளியே வந்தோம், வாசல்வரை வந்து கையசைத்தார், நாங்களும் கையசைத்தோம், கார் பக்கத்தில் போய் நின்றோம்.

"என்னங்க கேட்டாரு?"

"ஒண்ணுமே கேக்கல."

"அப்ப?"

"அப்ப திருப்தின்னுதானே அர்த்தம்!" என்று கார் கதவைத் திறந்தவர், பின் சீட்டைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். "பாப்பா எங்க?"

அக்கா, பெற்ற பிள்ளையை உள்ளே விட்டுவிட்டு இன்டர்வியூ நல்லபடியாக முடிந்தது என்று கிளம்பிய தாய் தகப்பனை நீ பார்த்திருக்கிறாயா? ஓடினோம். ஹெட்மாஸ்டரும் பதறிக்கொண்டு எங்களுக்கு முன்னால் ஓடி வகுப்புக் கதவைத் திறந்தார். நடுவில் நின்ற வாண்டு, "எந்திரிங்க எல்லாரும்! இழுங்க!" என்று ஒரு அதட்டல் போட்டாள். தரையில் கிடந்த அத்தனை உருப்படிகளும் எழுந்து, "குட் மா...ர்னிங் சா...ர்!" மூக்கில் பெயின்ட் அப்பிய டீச்சரும் எழுந்து இழுத்தாள். யாரையும் எழுந்து நிற்கச் சொல்வதில்லை என்று வாசலிலேயே பெருமையாக எழுதிப்போட்டிருக்கிற பள்ளி அது! ஹெட்மாஸ்டரின் காபி பாதி அவர் டீ-சர்ட்டில். சிரிக்கிறாரா, பல்வலியா என்று எனக்குப் புரியவில்லை. காலையிலிருந்து வகுப்பை நடத்தியதே உங்கள் மகள்தான் என்றாள் டீச்சர். போகும்போது என்னைத் தனியாக நிறுத்தி, தண்ணீருக்கு உங்கள் பாஷையில் என்ன, வலித்தால் எப்படிச் சொல்வாள் என்று கேட்டு, உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள்.

இருந்தாலும் அந்தக் கூத்துக்கப்புறம் எந்த முகத்தோடு அங்கே போவது? நன்றாக யோசித்துவிட்டேன். டை கட்டுகிற பள்ளிதான். ஒரு வகுப்பு கீழே போனால் குடி ஒன்றும் முழுகிவிடாது. நாளையிலிருந்து வீட்டில் இங்கிலீஷ். இவர் மட்டும், "செருப்பில்லாத ஸ்கூல்லதான் பாப்பா சிரிச்சா" என்று அடம்பிடிக்கிறார். நீ வாத்தியாரம்மா, உன் வாக்குக்கு இவர் எதிர்ப்பேச்சு பேச மாட்டார். டை பள்ளியே சரி என்று ஒரு வரி எழுதினால் போதும், காட்டிவிடுவேன்.

அத்தானுக்கு என் வணக்கம். பெரியவனும் சின்னவளும் சண்டை போடாமல் நூறாண்டு வாழ இந்தச் சித்தியின் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் குழம்பிப்போன தங்கை

பி.கு: இதை அனுப்பப் போகும்போதே செருப்பில்லாப் பள்ளியிலிருந்து மெயில் வந்திருப்பதைப் பார்த்தேன். வாண்டுவுக்கு அவள் வயதுக்குரிய வகுப்பிலேயே இடமாம். பிள்ளை பழகிவிட்டாள், பெற்றோருக்குத்தான் பழக்கம் தேவைப்படுகிறது, எனவே முதல் வாரம் இருவரும் வந்து வகுப்பில் உட்கார வேண்டும் என்று எழுதியிருக்கிறார் ஹெட்மாஸ்டர். 'உட்கார' என்பதற்குக் கீழே கோடு வேறு. வகுப்பில் இப்போது எல்லாப் பிள்ளைகளும் "தண்ணி, தண்ணி" என்றுதான் கேட்கிறார்களாம். இவரிடம் காட்டினேன், எழுந்து நின்று படித்தார். நானே சரி என்று பதில் அனுப்பிவிட்டேன். ஆகவே மேலே எழுதியது எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதே. ஒரே ஒரு சந்தேகம்தான்: ஒரு வாரம் தரையில் உட்காருவதற்குப் புடவை சரிப்படுமா, சுடிதாரா? சீக்கிரம் பதில் போடு.