மாமன் சீரும் உறைந்த டீசலும்

காப்பெல், டெக்சாஸ்,
சனிக்கிழமை காலை

அன்புள்ள அண்ணிக்கு,

தாமரைச்செல்வி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு உங்கள் தம்பியும் நானும் ஸ்ம்ருதியும் நலம். வண்டி மட்டும் நலமில்லை. அங்கே நீங்களும் அண்ணனும் கல்யாணப்பெண் ரக்ஷாவும் நலமாக இருப்பீர்கள் என்றும், இதைப் படித்த பிறகும் அப்படியே இருப்பீர்கள் என்றும் நம்புகிறேன்.

போனில் பேசினால் அவர் காதில் விழும் என்பதால் ஈமெயில். நாளைக் காலை முகூர்த்தத்துக்கு, ரக்ஷா நெற்றியில் பட்டம் கட்ட வேண்டிய தாய்மாமன் உங்கள் ஊர் கேட்டிக்கு வந்து சேருவாரா என்பது இந்த நிமிடம் எனக்குத் தெரியவில்லை. பதறாதீர்கள். நான் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பதறிக்கொண்டிருக்கிறேன்.

மாமன் சீர் லாரியில்தான் வரும் என்று ரக்ஷா பிறந்த அன்றைக்கே இவர் சொன்னவர். அதற்காகவே போன வருடம் இந்த டீசல் ட்ரக்கை வாங்கினார். இந்த வாரம் வானிலைக்காரர்கள் குளிர் அலை வருகிறது என்றார்கள். டீசலுக்குள் மெழுகு மாதிரி ஒன்று இருக்கிறதாம், கடுங்குளிரில் அது நம் பாத்ரூம் தேங்காய் எண்ணெய் போலத் திரண்டு ஃபில்டரை அடைத்துவிடுமாம். அதற்கு ஒரு ஹீட்டர் உண்டு, குட்டிப் போர்வை மாதிரி இருக்கும், ஃபில்டரைச் சுற்றிக் கட்டி ப்ளக்கில் சொருக வேண்டும். நான்தான் ஆர்டர் பண்ணினேன். "நாமக்கல்காரனுக்கு டீசலைப் பத்திச் சொல்லித் தர்றியா?" என்று சிரித்தார். நியாயம்தான், நாமக்கல்லில் டீசல் தீர்ந்துபோகும், திருட்டுப்போகும். உறைந்து யார் பார்த்தது?

சிரித்தாலும் நேற்று ராத்திரி கட்டத்தான் போனார். பெட்டியைப் பிரித்துக் கையில் எடுத்த நேரம் பார்த்து, நான் இட்லி மாவு பொங்கவே இல்லையே என்று புலம்பினேன். மாப்பிள்ளை வீட்டார் ப்ளேனோவிலிருந்து உங்கள் ஊருக்குப் போகும் வழியில் இன்று காலை எங்கள் வீட்டில்தானே டிபன். அவர் ஹீட்டரைப் பார்த்தார், மாவுப் பாத்திரத்தைப் பார்த்தார். "டீசல் ஒரு ராத்திரி தாங்கும். சம்பந்தி முன்னாடி கல்லு இட்லி வெச்சா எங்கக்கா மானம் தாங்காது" என்று பாத்திரத்தைச் சுற்றிக் கட்டிவிட்டார். ஸ்ம்ருதி மட்டும், "டாட், தட்ஸ் ஃபார் தி ட்ரக்!" என்றாள். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று நான்தான் அவளை அடக்கினேன்.

இட்லி பூ மாதிரி வந்தது, அண்ணி. சம்பந்தியம்மா ஆறு சாப்பிட்டார்கள். "நீங்க முன்னாடி போங்க, பின்னாலேயே வர்றோம்" என்று இவர் வாசலில் நின்று கையாட்டினார். பிறகு சாவியைத் திருப்பினால் இன்ஜின் சுற்றுகிறது, சுற்றுகிறது, பிடிக்கவே இல்லை. என் ஹேர் ட்ரையரை வைத்து ஊதினார். ஃப்ளாஸ்க் வெந்நீரை ஃபில்டர் மேல் ஊற்றினார். உறையாமல் இருக்க ஊற்றும் மருந்தை டாங்க்கில் விட்டார். எதிர்வீட்டு வரதராஜா அங்கிள் டொரன்டோவில் இருந்தவர், ஜாக்கெட்டைக் கூட மாட்டாமல் வந்து, "ஐயோ தம்பி, இதை முதலே ஊத்தியிருக்க வேணும். இறுகினாப் பிறகு ஊத்தி என்ன பிரயோசனம்? இது எங்க அடிச்ச டீசல்?" என்றார். அக்டோபரில் நிச்சயதார்த்தத்துக்கு வந்தபோது கேட்டியில் போட்டது, இன்னும் பாதி டாங்க் இருக்கிறது. "அது வெயில்கால டீசலெல்லோ!" என்று தலையில் கை வைத்தார். இப்போது இவர் என்னவோ உங்கள் ஊர் டீசல் சதி பண்ணிவிட்டது போலப் பேசுகிறார். மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

கராஜுக்குள் தள்ளிச் சூடேற்றலாம் என்றால் வண்டி கராஜை விட உயரம். வண்டியை இழுத்துப் போகும் டோ கம்பெனிக்காரன் திங்கட்கிழமை வருகிறேன் என்கிறான். என் மினிவேனில் சீர்த்தட்டை அடுக்கலாம் என்றேன். "மாமன் மினிவேன்லயா வந்து இறங்குவான்?" என்றார். சீட் பெல்ட் போட்டுக்கொண்டு, ஓடாத வண்டியில் உட்கார்ந்திருக்கிறார். வேலை போனபோது கூட இந்த மனுஷன் இப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அப்போது திட்டவாவது ஒரு மேனேஜர் இருந்தான். இப்போது யாரைத் திட்டுவது, இட்லியையா?

அதனால் ஒன்று கேட்கிறேன். நாங்கள் வர முடியாமல் போனால், உங்கள் சித்தப்பா மகன் கிரீஷ் பட்டம் கட்டட்டும். இப்போதே வேட்டியோடு தயாராக இருக்கச் சொல்லுங்கள். நான் சொன்னேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தன் இடத்தில் இன்னொருவர் நிற்கிறார் என்று தெரிந்தால் இவர் நடந்தே கிளம்பிவிடுவார்.

அண்ணனுக்கு வணக்கம். ரக்ஷா நூறு வருடம் நன்றாக இருக்கட்டும், குளிர் இல்லாத ஊரில்.

அன்புடன்,
தாமரைச்செல்வி

பி.கு: அனுப்புவதற்குள் வெயில் வந்துவிட்டது. வரதராஜா அங்கிள் புது ஃபில்டர் வாங்கி வந்து மாட்ட, வண்டி கறுப்பாக ஒரு தும்மல் போட்டுக் கிளம்பிவிட்டது! மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள். இந்த வரிக்கு வருவதற்குள் கிரீஷிடம் சொல்லியிருந்தால் வேட்டியை மடித்து வைக்கச் சொல்லுங்கள். சாயங்காலம் வந்துவிடுவோம். ஒரே ஒரு விஷயம், ரக்ஷாவுக்குப் பட்டம் கட்டி முடிக்கிற வரை இன்ஜினை நிறுத்த மாட்டேன் என்கிறார். ராத்திரி முழுக்க உங்கள் வாசலில் அது ஓடிக்கொண்டிருக்கும். காலையில் மண்டப வாசலிலும். புகையைப் பற்றிச் சம்பந்தி கேட்டால், ஹோமம் ஆரம்பித்துவிட்டது என்று சொல்லிவிடுங்கள்.